அண்ணாச்சி நின்ற இடம்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் அண்ணாச்சியைப் பற்றி எழுத வேண்டுமே என்று எழுந்து போய்விடுவேன். போனில் சொன்னதுதான். நெஞ்சு வலிக்கிறது என்றார், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பதினெட்டு வருஷம் எனக்கு இடப்பக்கம் நின்று பேஸ் கிட்டார் வாசித்த மனுஷன். இப்போதும் பல்லவி முடிந்ததும் என் தலை தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது.

கோயில் கொடைக்கு ஏழு ஊரில் அட்வான்ஸ் வாங்கியிருந்தோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே ஒரு பையனைப் பிடித்து நிறுத்தினோம். இருபத்திரண்டு வயசு, நன்றாகத்தான் வாசிக்கிறான். ஆனால் நான் அவனிடம் சரியாக நடந்துகொள்ளவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அது என் மண்டையில் உறைத்ததே அந்த அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிக்காவால்தான். பத்து நாளாக ராத்திரி அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர்களுக்கு பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன் கதை உனக்குத் தெரியும். 1986 செப்டம்பர் 26 அன்று ஸ்டாக்ஹோமில் கச்சேரி. முடித்துவிட்டு கோபன்ஹேகனுக்குக் கிளம்புகிறார்கள். பஸ்ஸில் யாருக்கு எந்தப் படுக்கை என்று சீட்டு எடுக்கிறார்கள். கிளிஃபுக்கு இஸ்பேடு ஏஸ் விழுகிறது, கிட்டார் வாசிக்கும் கிர்க் ஹேமெட்டின் படுக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். விடியற்காலையில் ஸ்வீடனிலேயே டோராப் என்ற ஊர்ப்பக்கம் பஸ் கவிழ்ந்து அவர் அதற்கடியில் போய்விட்டார். வயது 24. ரோட்டில் பனி உறைந்து வழுக்கிவிட்டது என்றார் டிரைவர். பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் அந்தக் குளிரில் வெறும் சாக்ஸோடு, அந்தப் பனி எங்கே என்று தேடிக்கொண்டு ரோட்டில் நடந்தாராம். இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அடுத்த வரிக்குப் போக முடிவதில்லை.

அதற்கப்புறம் நாற்பத்திரண்டு நாள்தான், மாப்ள. நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, ஜேசன் நியூஸ்டெட்டை எடுத்து, நவம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவில் ஒரு கிளப்பில் மேடை ஏற்றிவிட்டார்கள். அடுத்த வாரமே ஜப்பான். அழுவதற்கு நேரமே கொடுக்கவில்லை தங்களுக்கு. அதெல்லாம் ஜேசன்மேல் இறங்கியது. ஓட்டலில் கூட்டமாகக் குடித்துவிட்டு பில்லை அவர் ரூம் கணக்கில் எழுதுவது, அவரை விட்டுவிட்டுக் கிளம்புவது என்று வருஷக்கணக்கில் ஓட்டினார்கள். 1988-இல் வந்த 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தை ஹெட்போனில் போட்டுக் கேள். பேஸ் எங்கே? அதை மிக்ஸ் செய்தவரே, டிரம்மர் லார்ஸ் உல்ரிச் குறைக்கச் சொன்னார் என்று பின்னாளில் பேட்டியில் சொல்லிவிட்டார். அந்த மனுஷன் வாசித்திருக்கிறார், உலகம் கேட்கவில்லை. அப்படியும் பதினான்கு வருஷம் தாக்குப்பிடித்து 2001 ஜனவரியில்தான் விலகினார்.

2003-இல் ஜேசன் இடத்துக்கு ராபர்ட் ட்ருஹியோ வந்தபோது பழைய தப்பை அவர்கள் செய்யவில்லை. பங்காளியாகச் சேர் என்று பத்து லட்சம் டாலரை முன்பணமாக நீட்டினார்கள். 2011 அக்டோபர் 30, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ் ஞாபகம் இருக்கிறதா? 'ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்' தொடங்கியதும் நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். அந்த முதல் இழையைக் கிட்டார் என்றே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன், அது கிளிஃப் பேஸில் டிஸ்டார்ஷன் போட்டு வாசித்தது என்று நீதான் சொன்னாய். அவர் போய் இருபத்தைந்து வருஷம் கழித்து ட்ருஹியோ அதை வாசித்தார், கிளிஃபைப் போலவே தந்தி மீட்டும் பிக் இல்லாமல் வெறும் விரலால்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 2009 ஏப்ரல், கிளீவ்லாண்ட். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இவர்களைச் சேர்த்த அன்று ஜேசனும் ட்ருஹியோவும் ஒரே மேடையில் பேஸ் வாசித்தார்கள். கிளிஃபின் சார்பில் அவருடைய அப்பா ரே பர்ட்டன் வந்து நின்றார். மகனுக்கு வந்துகொண்டிருந்த ராயல்ட்டியை, மகன் படித்த பள்ளியிலேயே இசை படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்த மனுஷன் அவர். 2020-இல் காலமானார்.

சரி, என் விஷயம். முதல் மூன்று கச்சேரியிலும் அந்தப் பையனை நான் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. "தம்பி, அண்ணாச்சி இப்படி வாசிக்க மாட்டார்" என்று எல்லார் முன்னாலும் இரண்டு தடவை சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு அண்ணாச்சி மாதிரியே வாசிக்கப் பார்த்தான். ஒருநாள் கச்சேரி ரெக்கார்டிங்கைக் கேட்கிறேன், பேஸ் சுத்தமாக இல்லை. மிக்ஸரில் அதை இறக்கி வைத்தவன் நான்தான். சவுண்ட் செக்கில் காது உறுத்துகிறது என்று சொல்லிக் குறைத்தேன், அப்புறம் ஏற்றவே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை ரிகர்சலுக்கு முன்னால் அவனை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டேன். பதறிவிட்டான். "அண்ணாச்சி பேஸை நான் ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமாண்ணே?" என்று மட்டும் கேட்டான். அண்ணாச்சி வீட்டில் மதினியிடம் கேட்டேன். வரச் சொல்லியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை போகிறோம். ரிகர்சலில் அவன் ஸ்லைடரை நானே மேலே தள்ளினேன். சரணத்தில் அவனாக ஒரு இடம் போட்டான், அண்ணாச்சி போடாத இடம். நன்றாக இருந்தது.

கடைசிக் கொடை அடுத்த மாதம். லீவு கிடைத்தால் வா, மாப்ள. மேடைக்கு இடப்பக்கமாக உட்கார்.

உன்,
பழைய ரூம்மேட்