‘ஃபெயில்’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்: இஎம்சி ஆய்வகங்களுக்கு ஒரு திறந்த மடல்

இஎம்சி (மின்காந்த இணக்கம்) சோதனை ஆய்வகங்களை நடத்துபவர்களுக்கும், வெளி அலைகள் புகாத சோதனை அறையான சேம்பருக்குள் நின்று வேலை பார்ப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் போர்டு வடிவமைப்பவன். சர்க்யூட் வரைந்து, லேஅவுட் போட்டு, கடைசியில் கருவியைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருகிறவன். என் கருவி பக்கத்தில் இருக்கும் வானொலியையோ மருத்துவக் கருவியையோ தொந்தரவு செய்யக் கூடாது, அவற்றால் அதுவும் குழம்பக் கூடாது. இதைப் பார்த்துச் சொல்லும் வேலை உங்களுடையது. அந்த வேலையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, அதனால்தான் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுக் கருவியை ஓர் ஆய்வகத்தில் கொடுத்தோம். மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. 225 மெகாஹெர்ட்ஸில் வரம்பைவிட 6 டெசிபெல் அதிகம், ஃபெயில். ஒரு வரைபடம், ஓர் அட்டவணை, வேறொன்றும் இல்லை. போன் செய்து, “எந்தக் கேபிளிலிருந்து வருகிறது என்று கழற்றிப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன். அது எங்கள் வேலையில் வராது என்றார்கள். சரி என்று நாங்களே ஊகித்தோம். போர்டின் வேலைக்குத் தாளம் போடும் கிளாக்கின் இரைச்சல் அதன் மடங்குகளில் எழும்; 225 என்பது எங்கள் 25 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கின் ஒன்பதாவது மடங்கு. அதனால் கிளாக் லைனில் ரெசிஸ்டரை மாற்றினோம், பவர் சப்ளையில் ஃபில்டர் சேர்த்தோம், புது போர்டு செய்ய அனுப்பினோம். ஆறு வாரம் போனது. மறுபடி சோதித்தபோது அதே 225, ஏறக்குறைய அதே உயரம்.

அப்புறம் வேறோர் ஆய்வகத்துக்குப் போனோம். அங்கே சோதனை செய்த பொறியாளர் அறிக்கையில் கை வைக்கும் முன் சேம்பர் கதவைத் திறந்து உள்ளே போனார். சென்சார் கேபிளைப் பிடுங்கினார், வெளியே வந்து கதவை மூடினார். திரையில் 225-இல் நின்ற அந்தப் பீக் (உச்சம்) காணாமல் போயிருந்தது. திரும்ப மாட்டியதும் எழுந்து நின்றது. கனெக்டரைத் திறந்து காட்டச் சொன்னார். கேபிளைச் சுற்றியிருக்கும் உலோக உறையான ஷீல்டின் பின்னலைப் பிரித்து, இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு வயராக முறுக்கி, போர்டு கிரவுண்டில் சால்டர் வைத்திருந்தோம். அவர் அந்த முறுக்கை வெட்டி எடுத்துவிட்டு, ஷீல்டைச் சுற்றிலும் செப்பு டேப்பால் உலோகப் பெட்டியோடு அழுத்தி ஒட்டினார். பீக் வரம்புக்கு 5 டெசிபெல் கீழே போய்விட்டது. எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம்.

கணக்கும் சின்னதுதான். மெல்லிய வயருக்கு மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நானோஹென்றி என்று வைத்தால் இரண்டு சென்டிமீட்டருக்கு 20 நானோஹென்றி. 225 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 28 ஓம். மல்ட்டிமீட்டரில் சுழியம் காட்டும் இணைப்பு அந்த அதிர்வெண்ணில் இணைப்பே இல்லை என்று சொல்லலாம். போர்டின் இரைச்சல் முழுவதும் ஷீல்டின் வெளிப்புறத்தில் ஏறி, கேபிளையே ஆன்டெனா ஆக்கிவிட்டது. கிளாக் லைனில் நாங்கள் செய்த எதுவும் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை.

என் மேசையிலிருந்து எனக்கு இது தெரியாது. ஒரு மீட்டர் கேபிளில் 50 மெகாஹெர்ட்ஸில் வெறும் 5 மைக்ரோஆம்பியர் காமன் மோடு மின்னோட்டம் (கேபிளின் எல்லா வயரிலும் ஒரே திசையில் ஓடுவது) இருந்தால் போதும், 3 மீட்டர் தொலைவில் மீட்டருக்குச் சுமார் 100 மைக்ரோவோல்ட் புலம் உண்டாகும். வீட்டுக் கருவிகளுக்கான பி வகுப்பு வரம்பே அந்த இடத்தில் அவ்வளவுதான். இத்தனை சிறியதை உங்கள் ரிசீவர் பார்க்கிறது. கருவி வைத்த மேசை சுழலும்போது எந்தக் கோணத்தில் ஏறுகிறது, ஆன்டெனா 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை உயரும்போது எங்கே உச்சம், பீக்குகள் 25 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் ஊசி ஊசியாக நிற்கின்றனவா, இல்லை ஸ்விட்சிங் சப்ளைபோல அகன்ற மேடாக இருக்கின்றனவா, எல்லாம் உங்கள் கண் முன்னால் ஓடுகிறது. அதில் பெரும்பகுதி எங்களுக்கு வந்து சேர்வதில்லை. மிக உயர்ந்த ஆறு புள்ளிகள் மட்டும் அட்டவணையாக வருகின்றன.

ஆலோசனை சொன்னால் பாரபட்சமின்மை கெட்டுவிடும் என்பது நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். அந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சான்று வழங்கும் அமைப்புகளுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17065 தரநிலை ஆலோசனை விஷயத்தில் காட்டும் கண்டிப்பு வேறு, சோதனை ஆய்வகத்துக்கான 17025 வேறு. ஐஎஸ்ஓ/ஐஇசி 17025-இன் 2017 பதிப்பே, கருத்துகளையும் விளக்கங்களையும் அறிக்கையில் தர இடம் கொடுக்கிறது. அதற்கு அதிகாரம் பெற்றவர் சொல்ல வேண்டும், எதை வைத்துச் சொன்னார் என்பது பதிவாக வேண்டும், அவ்வளவே. தவிர, “சென்சார் கேபிளைக் கழற்றியபோது 225 மெகாஹெர்ட்ஸ் பீக் மறைந்தது” என்பது வடிவமைப்பு ஆலோசனையே அல்ல. அதுவும் ஓர் அளவீடுதான்.

நிலைமின் வெளியேற்றச் சோதனையிலும் (கை பட்டதும் தெறிக்கும் நிலைமின் பொறியைக் கருவி தாங்குமா என்று பார்ப்பது) இதே கதை. 8 கிலோவோல்ட் தொடுகை வெளியேற்றத்தில் ஒரு நானோநொடிக்குள் சுமார் 30 ஆம்பியர் பாய்கிறது. அறிக்கையில் வருவதோ “கருவி ரீசெட் ஆனது” என்ற ஒரு வரி. எந்தத் திருகில் தொட்டீர்கள், நேர் மின்னழுத்தத்திலா எதிர் மின்னழுத்தத்திலா, திரை முதலில் அணைந்ததா இல்லையா என்று இன்னும் மூன்று வரி இருந்தால் பாதி வேலை முடிந்தமாதிரி.

எங்கள் பக்கத் தவறும் உண்டு. பொருள் வெளியாகப் பத்து நாள் இருக்கும்போது வந்து நிற்கிறோம். உதிரி போர்டு கொண்டுவருவதில்லை, சர்க்யூட் படத்தைக் காட்டத் தயங்குகிறோம். லேஅவுட் நிலையிலேயே வந்திருந்தால், வேகமான தடத்துக்கு அடியில் கிரவுண்ட் பிளேன் என்ற செப்புத் தளம் பிளந்திருப்பதை அனுபவமுள்ள கண் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கும். திரும்பிவரும் மின்னோட்டம் அந்தப் பிளவைச் சுற்றிப் போகும்போது உண்டாகும் வளையம்தான் பிறகு சேம்பரில் பீக்காக எழுகிறது. அந்த ஐந்து நிமிடத்துக்கு உரிய கட்டணத்தை வாங்குங்கள். தனியாக ஓர் ஆலோசனைப் பிரிவு வைத்து, சான்றுக்கான சோதனையை வேறு ஆட்களிடம் கொடுங்கள். ஃபெயில் ஆன கருவிக்குக் கேபிள் கழற்றிப் பார்க்கும் அரை மணி நேரத்தைச் சோதனையோடு சேர்த்தே விலை சொல்லுங்கள். ஸ்கேன் தரவை முழுக் கோப்பாகக் கொடுங்கள்.

அடுத்த மாதம் என் புதிய கருவி சோதனைக்கு வருகிறது. சர்க்யூட் படம், லேஅவுட், மூன்று உதிரி போர்டு, செப்பு டேப், இரைச்சலை அடக்கக் கேபிளில் மாட்டும் ஃபெர்ரைட், இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேட கோஆக்ஸ் கேபிளை வளைத்து நானே செய்த ஒரு வளைய புரோப், எல்லாம் எடுத்து வருகிறேன். என்னைக் கட்டுப்பாட்டு அறையில், உங்கள் திரைக்குப் பக்கத்தில் உட்கார விடுங்கள்.

அன்புடன்,
ஒரு போர்டு வடிவமைப்பாளன்