கலப்பை பிடித்த ஆளுநர்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் தொடக்க காலம் என்றாலே வாஷிங்டன், ஜெஃபர்சன் பெயர்கள்தான் வருகின்றன. தாமஸ் சிட்டென்டனையும் நம் வாசகர்கள் அறிய வேண்டும். கனெக்டிகட்டில் 1730-ல் பிறந்த விவசாயி. 1774-ல் குடும்பத்தோடு, இன்று அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலமான வெர்மான்ட்டில் ஓடும் வினூஸ்கி ஆற்றங்கரையில் காட்டைத் திருத்திக் குடியேறினார். அமெரிக்க விடுதலைப் போர் வந்ததும் அந்த நிலத்தைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. அப்புறம் திரும்பி வந்து மறுபடி உழுதார்.

1778-ல் வெர்மான்ட்டின் முதல் ஆளுநரானார். இடையில் ஓராண்டு தவிர, 1797 வரை அவரேதான். அதுவும் ஆண்டுதோறும் தேர்தல்! வெர்மான்ட் அப்போது தனி நாடுபோல இருந்தது; 1791-ல்தான் 14-வது மாநிலமாக இணைந்தது. வயதுவந்தோரை அடிமையாக வைத்திருப்பதை அதன் 1777 அரசியல் சட்டமே தடுத்தது. இவரைப் போன்றவர்களைப் பற்றியும் விரிவாக எழுதுங்கள்.

- ஒரு வாசகர்