அளவு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கடல்நீரில் உலோகம் கூடியிருக்கிறது என்று செய்தி வந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதும் அடுத்த வரியிலேயே முடிவாகிவிடுகிறது. வெறும் அளவை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அந்த அளவே சரிதானா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நடுக்கடலின் மேல்நீரில் கரைந்த இரும்பு பெரும்பாலும் லிட்டருக்கு 1 நானோமோலுக்கும் (56 நானோகிராம்) குறைவு. உப்போ 35 கிராம். மாதிரி எடுக்கப் போகும் கப்பலே இரும்பு. கம்பிவடத்தில் பூசிய துத்தநாகமும் நீரில் கலக்கும். அதனால் டெஃப்லான் பூசிய குப்பியை உலோகமில்லாத கயிற்றில் இறக்குகிறார்கள். எடுத்த நீரை 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்த பிறகே, மிகத் தூய ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து பிஎச் 1.8 அளவுக்குக் கொண்டுவர வேண்டும். வடிக்கும் முன்பே அமிலம் விட்டால் மண்துகளிலுள்ள இரும்பும் கரைந்து கணக்கில் ஏறிவிடும். அமிலமே விடாமல் வைத்தால் உலோகம் குப்பிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கடல்நீர் இல்லாமல் இதே படிகளில் செய்து பார்க்கும் வெற்றுச் சோதனையின் அளவைச் சொல்லாத அறிக்கையை நாங்கள் நம்பமாட்டோம்.

மூலத்தைத் தேட ஐசோடோப் விகிதம் உதவும்; ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்தான் ஐசோடோப்புகள். ஆக்சிஜன் வற்றிய கடலடிப் படிவிலிருந்து கசியும் இரும்பில், கனமான இரும்பு-56க்கும் லேசான இரும்பு-54க்கும் உள்ள விகிதம் (56/54), பாறையின் சராசரியைவிட ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரை குறைந்திருக்கும். பாலைவனத் தூசி அந்தச் சராசரியை ஒட்டியே இருக்கும். ஆனால் அந்தத் தூசியிலிருந்து கரைந்து வந்த இரும்பு, வட அட்லாண்டிக்கில் சராசரியைவிடச் சற்றுக் கனமாகவே (விகிதம் கூடுதலாகவே) காணப்பட்டது. தூசியின் விகிதத்தை அப்படியே கணக்கில் போட்டால் பங்கீடு பிசகும். எரிபொருள் புகையில் வரும் இரும்பும் படிவைப் போல லேசானது என்பது இன்னொரு சிக்கல். எனவே துணைச்சான்று வேண்டும்: தூசிக்கு அலுமினியம், படிவுக்கு மாங்கனீசு, ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுக்கு ஹீலியம்-3.

அளவீட்டிலும் ஒரு பொறி உண்டு. அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் நிறைமானியில், ஆர்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த அயனியின் நிறையும் இரும்பு-56ஐப் போலவே 56தான். உப்பைப் பிரிக்கும் பிசின் குழாயில் இரும்பு முழுதாக மீளாவிட்டால் விகிதமே மாறிவிடும். இரும்பு-57, 58 கலவையை அதற்கு முன்பே மாதிரியில் சேர்த்தால்தான் அதைத் திருத்த முடியும்.

ஈயத்துக்கு 206/207 விகிதம் பயன்படுகிறது. பெட்ரோலில் கலந்த ஈயத்தின் தாது மாறமாற அந்த விகிதமும் பல பத்தாண்டுகளாக மாறி வந்திருக்கிறது. ஆழ்நீரில் இருப்பது பழைய ஈயம்; அதை இன்றைய ஆலைப் புகையோடு ஒப்பிட்டுக் குற்றம் சாட்டக் கூடாது.

இப்படிக்கு,
கடல் வேதியியல் ஆய்வாளர்கள்