இந்துப்பிலும் இருப்பது சோடியம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தூள் உப்பை விட்டு இந்துப்புக்கு மாறலாம் என்று உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த குறிப்பு தவறானது. இந்துப்பு, கல் உப்பு, தூள் உப்பு எல்லாமே பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். இந்துப்பில் உள்ள மற்ற தாதுக்கள் அழுத்தத்தைக் குறைக்கும் அளவுக்கு இல்லை. அயோடின் சேர்க்காத இந்துப்புதான் கடைகளில் அதிகம். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இது கூடுதல் கவலை. வயிற்றுக் குழந்தையின் மூளை வளர அயோடின் வேண்டும்.

எந்த உப்பு என்பதற்கு முன் எவ்வளவு உப்பு என்று பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. வீட்டுக் கணக்கு தெரிய, ஒரு கிலோ பாக்கெட்டைப் பிரிக்கும் அன்றே அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் அது 50 நாள் வர வேண்டும். 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. மீன் கழுவவும் கீரை அலசவும் எடுக்கும் உப்பைத் தனி டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கணக்கு பிசகும். கடை ஊறுகாய், அப்பளம், கருவாடு, பரோட்டா சால்னா எதுவும் இந்தக் கணக்கில் வராது என்பதால் பாக்கெட் 50 நாளையும் தாண்டி வந்தால்தான் உண்மையில் வரம்புக்குள் இருக்கிறோம். பாக்கெட் தின்பண்டங்களில் சோடியம் என்று போட்டிருக்கும் மில்லிகிராமை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும், 800 மி.கி. சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

‘குறைத்துப் போடுங்கள்’ என்ற அறிவுரை மட்டும் பலிப்பதில்லை. சீனாவில் 48 முதியோர் இல்லங்களில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், சமையலறைக்குத் தரும் உப்பைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தார்கள், அழுத்தம் இறங்கவில்லை. பொட்டாசியம் கலந்த உப்பு கொடுத்த இல்லங்களிலோ ரத்த அழுத்தத்தின் மேல் அளவு (120/80 என்பதில் 120) சராசரியாக 7 புள்ளி இறங்கியது. அதற்கு முன் 2021-ல் வந்தது இன்னும் பெரிய ஆய்வு: சீனாவின் 600 கிராமங்கள், ஏறக்குறைய 21,000 பேர், ஐந்தாண்டுக் கண்காணிப்பு. எல்லாரும் பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயது கடந்து ரத்த அழுத்தம் உள்ளவர்கள். 75 பங்கு சோடியம் குளோரைடும் 25 பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதமும் இறப்பு 12 சதவீதமும் குறைவாக இருந்தன. தெலங்கானா கிராமங்களில் மூன்று மாதம் இதுபோன்ற உப்பைக் கொடுத்துப் பார்த்தபோதும் அழுத்தம் இறங்கியது. நூற்றுக்கு 30 பங்கு வரை பொட்டாசியம் குளோரைடு கலந்தாலும் புளி போட்ட சாம்பார், ரசத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மோரில் லேசாகக் கசக்கும்.

ஆனால் இந்த உப்பு எல்லோருக்கும் ஆகாது. சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறும். முன்னறிகுறி இல்லாமலே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். பொட்டாசியத்தை உடலில் தேக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைத் தொடக்கூடாது. எனலாப்ரில், டெல்மிசார்டான் போன்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும், நெடுநாள் சர்க்கரை நோயாளிகளும் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவரைக் கேட்ட பிறகே மாற வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பரிந்துரைத்தபோதும் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் சிறுநீரக நோயாளிகளையும் விலக்கியே சொன்னது.

தமிழ்நாடு உப்புக் கழகம் 2014-லேயே இதுபோன்ற குறைந்த சோடியம் உப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றைய விலை கிலோ 21 ரூபாய், அயோடின் கலந்த சாதாரண உப்பைப் போல இரண்டு மடங்கு. மாதச் சம்பளக்காரர்களுக்கு இது பெரிய தொகை இல்லை. முதியோர் உதவித்தொகையில் வாழ்பவர்களுக்குப் பெரிய தொகைதான், பக்கவாதம் அதிகம் தாக்குவதும் அந்த வயதில்தான். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதே பட்டியலில் உள்ளவர்களுக்குக் கிரியாட்டினின் பார்த்து, தகுதியானவர்களுக்கு மட்டும் இந்த உப்பை ரேஷன் கடையில் சாதாரண உப்பின் விலைக்கே கொடுக்கலாம். சிறுநீரக எச்சரிக்கையைப் பாக்கெட்டின் முன்பக்கத்தில், கண்ணாடி போடாமலே படிக்கிற எழுத்தில் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
பொது சுகாதாரம், உணவியல் துறைகளைச் சேர்ந்த வாசகர்கள், மதுரை