பன்றிகளில் நாடாப்புழு நீர்க்கட்டி நோயைக் கண்டறியும் புரதங்களைத் துறையே தயாரிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பன்றி வளர்ப்போரும் களக் கால்நடை மருத்துவர்களும்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை

பொருள்: பன்றி நாடாப்புழுவைக் (டீனியா சோலியம்) கண்டறியும் புரதங்களை மறுகூட்டிணைவு முறையில் (புழுவின் மரபணுவை வேறு செல்லில் புகுத்தி) துறை ஆய்வகத்தில் தயாரித்து, களச் சோதனைக்கு வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உயிருள்ள பன்றிக்கு இந்நோய் இருக்கிறதா என்று பார்க்க இன்று எங்கள் கையில் இருப்பது நாக்குச் சோதனை மட்டுமே. மேல்தாடையில் சுருக்குக் கயிறு போட்டுப் பிடித்து, வாயைக் கட்டையால் திறந்து, வழுக்காதிருக்கத் துணியால் நாக்கை வெளியே இழுத்து, அடிப்புறத்தை விரலால் தடவுகிறோம். உருண்டை தட்டுப்பட்டால் பெரும்பாலும் நோய்தான். தட்டுப்படாவிட்டால் எதுவும் சொல்வதற்கில்லை. குறைந்த அளவில் கட்டியுள்ள பன்றியின் நாக்கு பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். வியாபாரிகளுக்கும் இந்தச் சோதனை தெரியும் (எங்களைவிடத் தேர்ந்த விரல்கள் அவர்களுடையவை). உருண்டை தட்டுப்பட்ட பன்றி இறைச்சி ஆய்வுக்கு வராமலே கைமாறிவிடுவதும் உண்டு.

இந்நாடாப்புழுவின் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் மூளையிலும் நீர்க்கட்டி உண்டாகலாம். நோய் நிலைத்துவிட்ட பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்தில் வரும் முட்டையைத் தின்றே பன்றிக்கு நோய் வருகிறது. எனவே ஒரு பன்றிக்கு நோய் என்றால், அது திரிந்த இடத்தில் யாரோ ஒருவர் குடலில் நாடாப்புழு இருந்திருக்கிறது. ஆகவே பன்றியின் ரத்தம், மனிதரில் எங்கே தேட வேண்டும் என்பதையும் சொல்லிவிடும்.

ரத்தத்தில் இந்நோய்க்கான எதிர்ப்பொருளைத் தேடும், 1989இல் வெளியான இம்யூனோபிளாட் சோதனை, கட்டியிலிருந்து பிரித்தெடுத்த ஏழு கிளைக்கோபுரதங்களை (சர்க்கரைக் கூறு ஒட்டிய புரதங்களை) கொண்டு நடப்பது. நல்ல சோதனைதான். ஆனால் மூலப்பொருளுக்கு நோயுற்ற பன்றியே வேண்டும். நோய் குறையக் குறைய அதுவும் கிடைக்காது, ஒரு முறை எடுத்ததுபோல் மறுமுறை அமையவும் செய்யாது. ஒட்டுண்ணியின் மரபணுவை வளர்ப்புச் செல்லில் புகுத்தினால் அதே புரதத்தை வேண்டிய அளவு எடுக்கலாம். ஜிபி50, டி24எச் ஆகிய நோயறி புரதங்கள் இப்படித் தயாரிக்கப்பட்டவையே.

மலிவு கருதி எல்லாவற்றையும் ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரிக்க முனைய வேண்டாம் என்பது எங்கள் வேண்டுகோள். இப்புரதங்களின் மடிப்பும் (மடங்கி அமையும் வடிவமும்), ஜிபி50இல் ஒட்டியுள்ள சர்க்கரைக் கூறுகளும் பாக்டீரியாவில் அப்படியே அமைவதில்லை. மடிப்பு பிசகிய புரதத்தை, நோயுற்ற பன்றியின் எதிர்ப்பொருளே அடையாளம் காணாமல் போகலாம். பூச்சிகளைத் தொற்றும் பேக்குலோவைரஸ் மூலம் மரபணுவைப் புகுத்திப் பூச்சி செல்களில் தயாரிப்பது செலவானாலும் பயன்படும்.

தயாரித்த புரதத்தைக் களத்துக்கு அனுப்புமுன், அறுத்த பன்றிகளின் தசையை மெல்லிய துண்டுகளாக அரிந்து, கட்டிகளை எண்ணி, அதே பன்றிகளின் சீரத்தில் (ரத்தத்தின் தெளிநீரில்) வந்த சோதனை முடிவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டீனியா ஹைடாடிஜீனா என்ற வேறொரு நாடாப்புழு தொற்றிய பன்றிகளின் சீரத்தையும் இதில் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஜிபி50 அந்தச் சீரத்தோடும் வினைபுரிவதுண்டு. தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்பொருள் குட்டிகளிடம் மாதக்கணக்கில் தங்குவதால், குட்டிகளின் முடிவைத் தனியே கணக்கிட வேண்டும். இந்நோய்க்கு எதிராகப் பன்றிகளுக்குப் போடும் டிசோல்18 தடுப்பூசியும் மறுகூட்டிணைவுப் புரதமே என்பதால் அதையே சோதனைக்கும் எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் ஊசி போட்ட பன்றியெல்லாம் நோயுள்ளதாகத் தெரியும்.

இன்னொன்று. சோதனையில் பிடிபட்டால் பறிமுதல் என்ற நிலை வந்தால் யாரும் ரத்தம் எடுக்க விடமாட்டார்கள். எதிர்ப்பொருள் இருப்பது, தொற்று எப்போதோ பட்டதற்கும் அடையாளமாகலாம். இப்போது உயிருள்ள கட்டி இருப்பதற்கு அதுவே சாட்சியாகாது. எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 30 மில்லிகிராம் ஆக்ஸ்ஃபென்டசோல் ஒரே வேளை கொடுத்தால் தசையிலுள்ள கட்டிகள் இறந்துவிடுகின்றன. எனவே சோதனையோடு இம்மருந்தையும் இலவசமாக வழங்கி, மருந்தின் தாக்கம் நீங்கும்வரை மட்டும் அறுப்புக்குத் தடை விதித்தால் போதும்.

முதற்கட்டமாகத் துறை ஆய்வகம் ஒன்றில் பூச்சி செல் வளர்ப்பு வசதி ஏற்படுத்தி, எதிர்ப்பொருளைக் கண்டறியும் எலிசா சோதனைத் தட்டுகளாக இப்புரதங்களை மாவட்ட ஆய்வகங்களுக்கு வழங்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். சீரம் சேகரித்துத் தரும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்