கப்பலில் முதல் மசாஜ்: ஏறும் முன்பே தெரிந்திருக்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொகுசுக் கப்பல் பயணங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் பயணப் பகுதியில் வரும் கட்டுரைகளை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். அறைகள், விருந்து, மேடை நிகழ்ச்சிகள், நீச்சல் குளம் என்று எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லும் அக்கட்டுரைகள், ஸ்பா என்று வரும்போது மட்டும் 'உடலும் மனமும் புத்துணர்ச்சி பெறும்' என்ற ஒரே வரியோடு நின்றுவிடுகின்றன. முதன்முறையாக மசாஜ் மேசையில் படுக்கப் போகிறவருக்கு அந்த வரியால் எந்தப் பயனும் இல்லை. எவ்வளவு உடையைக் களைய வேண்டும், தொடப்போகிறவர் ஆணா பெண்ணா, வலித்தால் சொல்லலாமா, பாதியில் போதும் என்றால் தவறாக எடுத்துக்கொள்வார்களா என்பவைதான் அவருடைய கேள்விகள். கூச்சத்தால் பலர் இவற்றை யாரிடமும் கேட்பதில்லை. பணத்தையும் கட்டிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்துவிட்டு வருகிறார்கள். மேசையில் படுத்திருப்பவருக்கே அங்கு முழு அதிகாரம் உண்டு என்பதைப் பயணிகள் கப்பல் ஏறும் முன்பே அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் நாளையும் நேரத்தையும் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் பெரும்பாலான பயணிகள் ஊர் சுற்ற இறங்கிவிடுவதால் ஸ்பாவில் கூட்டம் குறைவாக இருக்கும். சலுகைகளும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் அறிவிக்கப்படும். கரையைக் காணாமல் கடலிலேயே கழியும் நாட்களில் நல்ல நேரங்கள் சீக்கிரமே நிரம்பிவிடும். பலர் யோசிக்காத இன்னொரு காரணமும் உண்டு. பல கப்பல்களில் ஸ்பாவை மேல்தளத்தில், முன்பக்கமாக அமைத்திருப்பார்கள். காட்சி அழகாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கப்பலின் ஆட்டம் அதிகமாகத் தெரிவதும் உயரத்திலும் முன்பகுதியிலும்தான். மேசையின் தலைமாட்டில் உள்ள துவாரத்தில் முகத்தைப் பொருத்திக் குப்புறப் படுத்திருக்கும்போது அடிவானம் கண்ணுக்குத் தெரியாது என்பதால், வழக்கமாகக் குமட்டல் வராதவர்களுக்குக்கூட அப்போது வயிற்றைப் புரட்டலாம். எனவே முதல்முறை செல்கிறவர்கள் துறைமுக நாளையோ, கடல் அமைதியாக இருக்கும் என்று சொல்லப்படும் நாளையோ தேர்ந்தெடுப்பது நல்லது. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயும் மது அருந்திய பிறகும் போகவே கூடாது. முன்பதிவை ரத்து செய்வதற்கான கெடு பல கப்பல்களில் 24 மணி நேரம். அதைத் தாண்டினால் கட்டணத்தில் பாதியோ முழுவதுமோ போய்விடக்கூடும்.

அடுத்து, போனவுடன் கையில் தரப்படும் உடல்நிலைப் படிவம். இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். வரவேற்பறையில் உட்கார்ந்து, எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று வரிசையாகக் குறியிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறவர்களே அதிகம். விடுமுறைக்கு வந்த இடத்தில் நோயைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்ற எண்ணம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அந்தக் கேள்விகள் ஒப்புக்குக் கேட்கப்படுபவை அல்ல. ரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவருக்கு அழுத்தமான மசாஜ் செய்தால் தோலுக்கடியில் ரத்தம் கன்றிப்போகும். நீரிழிவினால் கால்களில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடான கல்லின் வெப்பம் சரியாகத் தெரியாமல் கொப்புளம் வரக்கூடும். கர்ப்பிணிகளைக் குப்புறப் படுக்க வைக்க முடியாது; அவர்களுக்கென்று தனி முறை இருக்கிறது, அதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். அண்மையில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தாலும், எண்ணெயிலோ வாசனைப் பொருளிலோ ஒவ்வாமை இருந்தாலும் எழுதியே ஆக வேண்டும்.

கப்பல் பயணிகளுக்கென்றே உள்ள ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நீண்ட விமானப் பயணத்தை முடித்து நேராகக் கப்பல் ஏறுகிறவர்கள் பலர். பல மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததால் சிலருக்குக் காலின் ஆழமான சிரைகளில் ரத்தம் உறைந்திருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாகவும் இருந்தால், அது உட்கார்ந்து வந்த அலுப்பு என்று நினைத்து மசாஜுக்குப் போய்விடக் கூடாது. அந்த இடத்தை அழுத்திப் பிசைந்தால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். போக வேண்டிய இடம் கப்பலில் உள்ள மருத்துவரின் அறை. அதேபோல, மேல்தளத்தில் வெயில் காய்ந்து தோல் சிவந்து எரியும் நாளில் மசாஜைத் தள்ளிப்போடுவதே சரி. மசாஜ் முடிந்த கையோடு வெயிலில் போய்ப் படுப்பதும் வேண்டாம். பெர்கமாட் போன்ற சில சிட்ரஸ் பழத் தோல்களிலிருந்து எடுக்கும் வாசனை எண்ணெய்கள் உடலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் புண்ணாகிவிடும்.

இனி அறைக்குள் நடப்பது. மசாஜ் செய்பவர் முதலில் உங்களோடு சில நிமிடங்கள் பேசுவார். எங்கே வலி, எங்கே தொட வேண்டாம், எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று கேட்பார். பிறகு உடை மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். உள்ளாடையை அணிந்திருக்கலாம், பல இடங்களில் ஒருமுறை பயன்படுத்தும் காகித உள்ளாடையும் வைத்திருப்பார்கள். எவ்வளவு களைவது என்பது முழுக்க உங்கள் விருப்பம். மேசையில் ஏறிப் போர்வையை மேலே இழுத்துப் போர்த்திக்கொண்ட பிறகு, அவர் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். முதுகுக்குச் செய்யும்போது முதுகுப் பகுதித் துணியை மட்டும் இடுப்பு வரை மடித்து ஓரங்களைச் செருகிவிடுவார். காலுக்கு வரும்போது ஒரு கால் மட்டும் வெளியே இருக்கும். முடித்த பகுதியை மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறப்பார். புதியவர்கள் அதிகம் அஞ்சுவது குப்புறப் படுத்த நிலையிலிருந்து மல்லாந்து திரும்பும் அந்த நிமிடத்தை. அப்போது அவர் போர்வையின் ஒரு விளிம்பைத் தன் உடலால் மேசையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மறுவிளிம்பைத் திரைபோல உயர்த்தி, முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொள்வார். நீங்கள் திரும்பிப் படுத்ததும் துணி தானாக மேலே வந்து விழும். முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவரின் கைப்பக்குவம் அந்தச் சின்னச் செயலிலேயே தெரிந்துவிடும். மார்பும் அந்தரங்கப் பகுதிகளும் மசாஜில் சேர்ந்தவை அல்ல. யாராவது அந்த எல்லையை மீறினால் உடனே நிறுத்தச் சொல்லி எழுந்து, கப்பலின் விருந்தினர் சேவைப் பிரிவிலும் பாதுகாப்பு அதிகாரியிடமும் புகார் செய்ய வேண்டும்.

பெண்ணிடம்தான் செய்துகொள்வேன், ஆணிடம்தான் செய்துகொள்வேன் என்று முன்பதிவின்போதே சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. 1912ஆம் ஆண்டில் மூழ்கிய டைட்டானிக் கப்பலிலேயே துருக்கிக் குளியல் அறைகள் இருந்தன. பெண்களுக்குக் காலை 10 மணி முதல் 1 மணி வரை, ஆண்களுக்குப் பிற்பகல் 2 மணி முதல் 6 மணி வரை என்று தனித்தனியே நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பயணிகளின் கூச்சம் கப்பல் நடத்துவோருக்குப் புதிய செய்தி அல்ல.

பட்டியலில் உள்ள வகைகளைக் கண்டு மலைக்கத் தேவையில்லை. முதல்முறைக்கு ஸ்வீடிஷ் மசாஜ் போதும்; நீளவாக்கில் தடவுவதும் பிசைவதும் தட்டுவதுமான மென்மையான முறை அது. தசைகளின் ஆழத்தில் அழுத்தும் 'டீப் டிஷ்யூ' முறை, செய்த பிறகு ஓரிரு நாள் வலியைத் தரக்கூடும். கரையில் ஏறி இறங்க வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை அது உகந்ததன்று. தாய்லாந்து முறையில் தளர்வான உடையோடு, எண்ணெய் இல்லாமல், உடலை வளைத்து இழுத்துச் செய்வார்கள். உடை களைவதே தயக்கம் என்றால் அதையோ பாதங்களுக்கு மட்டும் செய்வதையோ தேர்ந்தெடுக்கலாம். எதுவானாலும் அழுத்தம் அதிகமானால் அந்த நொடியிலேயே சொல்லுங்கள் என்றுதான் புதியவர்களுக்கு நான் சொல்வேன். வலியைப் பொறுத்தால்தான் பலன் என்பது உண்மையல்ல. வலிக்கும்போது தசை இறுகிக்கொள்கிறது. இறுகிய தசையில் செய்கிற வேலை வீண்.

பலனைப் பற்றியும் நேர்மையாக எழுத வேண்டும். மசாஜ் உடலைத் தளர்த்துகிறது, பதற்றத்தைக் குறைக்கிறது, பலருக்கு அன்றைய இரவு நல்ல உறக்கத்தைத் தருகிறது. இடுப்பு வலியைப் பொறுத்தவரை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட மீளாய்வு, அது குறுகிய காலத்துக்குச் சற்றே குறையலாம் என்கிறது. அதற்கான சான்றுகளும் வலுவானவை அல்ல என்று அதுவே சொல்கிறது. ஆனால் ஸ்பாக்களில் 'நச்சுக்களை வெளியேற்றும்' என்று சொல்லி விற்கப்படும் கடற்பாசிப் பூச்சுகளுக்கும் மின்னோட்டச் சிகிச்சைகளுக்கும் அத்தகைய ஆதாரம் இல்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நாள்தோறும் செய்துகொண்டிருக்கின்றன. கடுமையாக உழைக்கும்போது தசையில் சேரும் லாக்டிக் அமிலத்தை மசாஜ் விரட்டும் என்பதும் அடிக்கடி காதில் விழும் பேச்சு. கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிக்குப் பின் செய்த மசாஜ் அந்த அமிலம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தியதாகவே கண்டார்கள். நன்றாக இருக்கிறது என்பதற்காகச் செய்துகொள்வதே போதுமான காரணம். அதற்கு மேல் மருத்துவப் பொய்கள் எதற்கு?

மசாஜ் முடிந்து, தண்ணீரோ தேநீரோ கையில் கொடுத்து உட்கார வைத்த பிறகு வருவதுதான் பலருக்கும் சங்கடம். உங்கள் தோலுக்கு இந்தக் களிம்பு, உங்கள் தோள்வலிக்கு இந்த எண்ணெய் என்று மருந்துச் சீட்டுப் போன்ற ஒரு தாளில் எழுதித் தருவார்கள். 'நன்றி, எனக்கு எதுவும் வேண்டாம்' என்று சொன்னால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. படிவம் நிரப்பும்போதே பொருட்களைப் பற்றிப் பேச வேண்டாம் என்று எழுதிவிடுவது இன்னும் எளிது. ரசீதில் 18 அல்லது 20 விழுக்காடு சேவைக் கட்டணம் பல கப்பல்களில் தானாகவே சேர்ந்துவிடும். கையெழுத்திடும் முன் அதைப் பார்க்காதவர்கள், கீழே காலியாக உள்ள கட்டத்தில் இரண்டாவது முறையாக டிப்ஸ் எழுதிவிடுகிறார்கள்.

இப்படிப் பொருட்களை விற்கப் பார்ப்பதற்காக மசாஜ் செய்பவர் மீது கோபப்படுவது நியாயமில்லை. பெரும்பாலான கப்பல்களில் ஸ்பாவைக் கப்பல் நிறுவனம் தானே நடத்துவதில்லை. ஒன்ஸ்பாவேர்ல்ட் போன்ற ஒப்பந்த நிறுவனங்கள் நடத்துகின்றன. அங்கு வேலை செய்கிறவர்கள் வீட்டை விட்டுப் பல மாதங்கள் கடலிலேயே இருக்கிறார்கள். வருமானத்தில் பெரும்பகுதி கமிஷனையும் டிப்ஸையும் நம்பியிருப்பது இத்துறையின் வழக்கம். 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் பணியாளருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. மீதி நேரத்தில் எத்தனை முதுகுகளை அந்தக் கைகள் பிசைந்திருக்கும் என்பதை நினைத்தால், மறுப்பைக்கூட மரியாதையோடு சொல்லத் தோன்றும். குறை சொல்ல வேண்டியது, விற்றால்தான் சம்பளம் என்ற ஏற்பாட்டை.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். தங்கள் பயணப் பகுதியில் கப்பல் ஸ்பாவைப் பற்றி எழுதுகிறவர்கள், அழகு வருணனையோடு உடை, அழுத்தம், உடல்நிலைப் படிவம், சேவைக் கட்டணம் ஆகிய நான்கையும் கட்டாயம் எழுதும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் நிறுவனங்களின் விளம்பரங்களை வெளியிடும்போது, உடல்நிலைப் படிவத்தைப் பயணச்சீட்டோடு முன்கூட்டியே அனுப்பவும், சேவைக் கட்டணம் உட்பட மொத்தத் தொகையையே விலைப்பட்டியலில் அச்சிடவும் அவர்களிடம் கேளுங்கள். வீட்டில் நிதானமாக, மருந்துச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்பும் படிவத்தில் யாரும் அவசரத்தில் 'இல்லை' என்று எழுத மாட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்