கருவி வந்தது, ஆள் வரவில்லை

ஆசிரியருக்கு,

உயர்கல்விக்குத் தேசியத் திட்டம் என்றாலே புதுக் கட்டடம், புது வளாகம், உலகத் தரவரிசை என்றுதான் பேச்சு போகிறது. நான் வேலை பார்த்த கல்லூரிக்கு ஒருமுறை விலை உயர்ந்த நிறமாலைமானி (ஒளியை வைத்துப் பொருளை ஆராயும் கருவி) வந்து இறங்கியது. அதை இயக்கத் தெரிந்தவரை நியமிக்கப் பணம் ஒதுக்கவில்லை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இரண்டு வருடம் மூலையில் கிடந்தது, வாரண்டியும் முடிந்துபோனது. கேட்டால், கருவி ஒரு கணக்காம், சம்பளம் வேறு கணக்காம். ஒன்றிலிருந்து ஒரு காசுகூட இன்னொன்றுக்கு நகராதாம்!

1960இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம் முதலில் வேலையைப் பிரித்தது. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, இரண்டு ஆண்டுப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரி என்று மூன்று அடுக்கு. பள்ளி முடிப்பவர்களில் தரவரிசையில் முதல் எட்டில் ஒரு பங்கினர் முதலாவதற்கு, முதல் மூன்றில் ஒரு பங்கினர் இரண்டாவதற்கு. மற்ற எல்லோருக்கும் சமுதாயக் கல்லூரி. அங்கே படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறவும் வழி வைத்தார்கள். குறையே இல்லாத திட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த நிறுவனம் எதற்கு என்பதில் குழப்பம் இல்லை. எல்லாக் கல்லூரியும் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் ஆக ஆசைப்பட்டால், பாடம் நடத்த யார் மிஞ்சுவார்கள்?

சரி, கட்டடமும் வேண்டும்தான். ஒவ்வொரு மானியத்தோடும் ஐந்து ஆண்டுப் பராமரிப்புச் செலவையும், ஒரு ஆய்வகத் தொழில்நுட்பர் சம்பளத்தையும் கட்டாயமாகச் சேர்த்துக் கொடுங்கள். ரிப்பன் வெட்டும் விழாக்கள் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

– ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்